கத்தியின் ஆயுள் பிடியிலே: மரமும் பசையும் தெரிவு செய்வது எப்படி?

கையால் அடித்த கத்தியொன்றை வாங்கிச் சென்ற வாடிக்கையாளர் அதைத் திரும்பக் கொண்டுவந்து கடை மேசையில் வைக்கின்றார் என்றால், பெரும்பாலும் குறை இரும்பில் இருப்பதில்லை. அலகு நன்றாகவே வெட்டும். ஆனால் பிடி ஆடும், அல்லது வெடித்திருக்கும், அல்லது கழன்று தனியாகவே வந்திருக்கும். இரும்புச் சாமான் வியாபாரத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் நின்றவன் என்ற முறையில் நான் கண்ட உண்மை இதுதான். லொறியின் வில்லுத் தகட்டை எடுத்து, அதை நெருப்பிலிட்டு, அடித்து, பதம் வைத்து அருமையான அலகைத் தரும் நமது கொல்லர்கள், பிடி விடயத்தில் கடைசி அரை மணி நேரத்தை மாத்திரமே செலவிடுகின்றார்கள். விளைவு என்ன? வெளிநாட்டிலிருந்து வரும் மெல்லிய தகட்டுக் கத்தி, அதன் பிளாஸ்டிக் பிடி ஆடாது என்ற ஒரே காரணத்துக்காக நமது கத்தியை விட அதிகமாக விற்பனையாகின்றது.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விடயமுமல்ல. இறைச்சிக் கடையில், மீன் கடையில், கை ஈரமாகவும் கொழுப்பாகவும் இருக்கும் நேரத்தில் பிடி ஆடினால் விரல் போய்விடும். ஆகவே கத்தி செய்பவர்களும், செய்வித்து விற்பவர்களும், இத்தொழிலைப் புதிதாகத் தொடங்க நினைக்கும் இளைஞர்களும் பயன்பெறும் வகையில் பிடிக்கான பொருளையும் ஒட்டும் பசையையும் தெரிவு செய்வது பற்றி இந்த வாரம் பார்ப்போம்.

பிடி ஏன் கழருகின்றது?

அலகின் பின்பக்கமாகப் பிடிக்குள் போகும் இரும்புப் பகுதியை 'வால்' என்று வைத்துக்கொள்வோம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒல்லியான வாலைப் பிடியின் துளைக்குள் செருகி, வாயில் பித்தளைப் பூண் போடுவது. நமது கிராமத்துக் கத்திகளில் பல இவ்வகையே. மற்றது, பிடியின் முழு அகலத்துக்கும் வாலை விட்டு, இருபக்கமும் இரண்டு பலகைத் துண்டுகளை வைத்து ஆணியடித்து இறுக்குவது.

முதலாவது வகையில், வாலைச் சிவக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கும் பழக்கம் நீண்ட காலமாக உள்ளது. துளை சரியாக அமையும் என்பது உண்மைதான். ஆனால் துளையைச் சுற்றியுள்ள மரம் கரியாகிவிடும். கரிக்குப் பலமில்லை. சில மாதங்களில் அது பொடியாகி உதிர, பிடி ஆடத் தொடங்கும். காய்ச்சி இறக்குவதாயின், பிறகு அந்தக் கரியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பசை நிரப்புவதே முறை.

இரண்டாவது காரணம் ஈர மரம். இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பச்சை மரம் காயும்போது, அதன் ஈரம் ஏறத்தாழ 30 வீதத்துக்குக் கீழே இறங்கிய பின்னரே சுருங்கத் தொடங்கும். முழுமையாகக் காயும்போது குறுக்கு அகலத்தில் 8 வீதம் சுருங்கும் ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். நமது நாட்டுக் காற்றின் ஈரத்தில் அது 15 வீத அளவில் நின்றுவிடும் என்றால், சுருக்கம் அதில் பாதி, அதாவது 4 வீதம். 30 மில்லிமீற்றர் அகலமான பிடி 1.2 மில்லிமீற்றர் சுருங்கிவிடும். பூணுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி வந்த பிறகு எந்தப் பூண் நிற்கும்? மரம் நீளப்பாட்டில் அநேகமாகச் சுருங்குவதில்லை, அகலத்தில்தான் சுருங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது காரணம் துரு. பிடிக்குள் தண்ணீர் நுழைந்தால் வால் துருப்பிடிக்கும். துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து பலகையைத் தள்ளிப் பிளந்துவிடும். ஆகவே பசையின் வேலை ஒட்டுவது மாத்திரமன்று. தண்ணீர் உள்ளே போகாமல் அடைப்பதும் அதன் வேலையே.

எந்த மரம்?

பிடிக்கான மரத்தில் நான்கு குணங்களைப் பார்க்க வேண்டும்: அடர்த்தி, இழை நெருக்கம், காய்ந்த நிலை, சட்ட அனுமதி.

புளியமரத்தின் வைரப் பகுதி கடினமானது, எளிதில் பிளக்காது. இறைச்சி வெட்டும் கட்டைக்கு அதனையே நமது மக்கள் பயன்படுத்துவதிலிருந்து அதன் தரத்தை விளங்கிக்கொள்ளலாம். கொய்யா மரம் சிறிய துண்டுகளாகவே கிடைக்கும்; ஆயினும் அடி தாங்கக்கூடியது. பாலை, வீரை போன்ற வரண்ட வலயத்து மரங்கள் மிகக் கனமானவை. அனுமதியுடன் வெட்டப்பட்ட கழிவுத் துண்டுகள் கிடைத்தால் நல்லது. தேக்கு தண்ணீரைத் தாங்கும். ஆனால் அதில் இயற்கையான எண்ணெய் இருப்பதால் பசை பிடிக்கச் சிரமப்படும். ஒட்டுவதற்குச் சற்று முன்னர் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

முதிரை மரம் பொன்னிறமாகப் பளபளக்கும். பரிசுக் கத்திகளுக்கு எடுப்பானது. ஆனால் அதன் தூள் சிலருடைய தோலில் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். முகமூடியும் நீளக் கைச் சட்டையும் இல்லாமல் அதனை அராவக் கூடாது. தென்னையில் முதிர்ந்த மரத்தின் வெளிப்பகுதி மாத்திரமே பிடிக்கு உதவும், உட்பகுதி மென்மையானது. கித்துளும் இவ்வாறே. இரண்டிலும் நார் எழும்பிக் கையில் குத்தும் என்பதால் மேற்பூச்சு நன்றாக இருக்க வேண்டும்.

றப்பர் மரம் மலிவு. ஆனால் பதப்படுத்தாத றப்பர் மரத்தில் பூஞ்சணமும் வண்டும் விரைவாகப் பிடிக்கும். போரிக் அமிலமும் போரக்ஸும் கொண்டு பதப்படுத்தி உலர்த்திய பலகையாயின் மலிவான சமையல் கத்திகளுக்குப் போதும்.

மரம் காய்ந்ததா என்று அறிய விலையுயர்ந்த கருவி அவசியமில்லை. பிடி அளவுக்கு வெட்டிய துண்டுகளில் ஐந்தாறைத் தெரிந்து, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, துண்டின் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். மூன்று வாரங்கள் தொடர்ந்து நிறை மாறாவிட்டால் மரம் நமது காற்றுக்குப் பழகிவிட்டது. துண்டுகளின் முனைகளில் மெழுகு அல்லது பெயின்ற் பூசிவைத்தால் முனை வெடிக்காது. வெயிலில் போட வேண்டாம். நிழலில், காற்றோட்டமான இடத்தில் அடுக்குங்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை

கருங்காலிப் பிடி என்றால் வாங்குபவர் கண் விரியும். ஆயினும் கருங்காலி போன்ற காட்டு மரங்களை அனுமதிப் பத்திரமின்றி வெட்டுவதும் கொண்டுசெல்வதும் குற்றமாகும். பழைய தளபாடத் துண்டாயினும் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்டுவதற்கும் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவை. ஈட்டி மரம் எனப்படும் ரோஸ்வூட் இனங்கள் முழுவதும் 2017 ஜனவரி முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. ஏற்றுமதி செய்ய எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

யானைத் தந்தம் பற்றிப் பேசவே வேண்டாம். கண்டி இராச்சிய காலத்தின் 'பிஹா கெத்த' கத்திகளில் தந்தமும் கொம்பும் வெள்ளியும் பித்தளையும் இழைத்த பிடிகளை நூதனசாலைகளில் காணலாம். அவை அரச பட்டறைகளில் செய்யப்பட்டவை. அந்தக் காலம் முடிந்துவிட்டது. கைப்பற்றப்பட்ட தந்தங்களை அரசாங்கம் 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் பகிரங்கமாக அழித்தது நினைவிருக்கலாம். மான், மரை கொம்புகளும் வன உயிரினச் சட்டத்தோடு சம்பந்தப்பட்டவை. "காட்டில் விழுந்து கிடந்தது" என்று யாரும் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

எருமைக் கொம்பும் மாட்டெலும்பும்

அறுக்கப்பட்ட எருமையின் கொம்பு நல்ல பொருள். கொதிநீரில் இளகும் என்பதால் வளைவை நிமிர்த்தலாம். ஆனால் அதே குணமே அதன் குறையும்கூட. வெயிலில் வைத்தால், சுடுநீரில் கழுவினால் மெல்ல முறுகி, பசையிலிருந்து விலகப் பார்க்கும். நிமிர்த்திய கொம்பை ஒரு மாதமாவது இறுக்கி வைத்துவிட்டே பாவியுங்கள். எலும்பாயின் கொழுப்பை முற்றாக நீக்க வேண்டும்; கொழுப்புள்ள எலும்பில் எந்தப் பசையும் ஒட்டாது, மஞ்சளாகி நாறவும் செய்யும். இரண்டினது தூளும் சுவாசத்துக்குக் கூடாது. மேலும், பளபளப்பாக மினுக்கிய கொம்பும் எலும்பும் ஈரக் கையில் வழுக்கும். எனவே இறைச்சிக் கடைக் கத்திக்கு அவை வேண்டாம். காட்சிக்கும் பரிசுக்கும் உரியவை என்று ஒதுக்கிவிடுங்கள்.

செயற்கைப் பலகைகள்

துணியையோ கடதாசியையோ பிசினில் தோய்த்து, அழுத்தத்தில் இறுக்கிய பலகைகள் மின்காப்பு வேலைக்கென்றே உருவானவை. மைக்காட்டா என்ற பெயரில் இவ்வகைப் பலகை 1910 அளவில் அமெரிக்காவில் வந்தது. நமது மின்சார வேலைக்காரர்கள் பேக்கலைட் பலகை, ஹைலம் என்றெல்லாம் சொல்வது இதே குடும்பந்தான். கண்ணாடி நாரில் செய்தது ஜி-10 எனப்படும். இவை தண்ணீர் உறிஞ்சாது, சுருங்காது, வெடிக்காது. பசையும் நன்றாகப் பிடிக்கும். பழைய மின் பலகைகளின் வெட்டுத் துண்டுகள் பழைய சாமான் கடைகளில் கிடைப்பதுண்டு. கண்ணாடி நார்த் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் தண்ணீர் தெளித்து, முகமூடியணிந்தே அராவ வேண்டும்.

இங்கே ஒரு வாய்ப்பையும் சொல்கின்றேன். ஆடைத் தொழிற்சாலைக் கழிவில் டெனிம் துண்டுகள் ஏராளம். அவற்றை ஒரே அளவில் வெட்டி, இருபது இருபத்தைந்து அடுக்குகளாக, ஒவ்வொன்றிலும் இபொக்சிப் பிசின் பூசி, இரண்டு பலகைகளுக்கிடையில் இறுக்கி ஒருநாள் விட்டால் நீலக் கோடுகளுடன் அழகான பிடிப் பலகை கிடைக்கும். பலகைகளில் ஒட்டாமல் இருக்கப் பொலித்தீன் விரிக்க மறக்க வேண்டாம்.

எந்தப் பசை?

பழைய காலத்தில் அரக்கையும் குங்கிலியத்தையும் உருக்கி, செங்கல் தூள் கலந்து துளைக்குள் ஊற்றி வாலை இறக்கினார்கள். அது இடைவெளியை நன்றாக நிரப்பும். பிடியைச் சூடாக்கித் திரும்பக் கழற்றவும் முடியும். ஆனால் கொதிநீர்ச் சூட்டில் இளகிவிடும், கீழே விழுந்தால் உடையும். இன்று சந்தையிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெள்ளைத் தச்சுப் பசை மரத்துக்கும் மரத்துக்கும் உரியது. இரும்பில் பிடிக்காது, ஈரத்தில் இளகும். செருப்புத் தைக்கும் மஞ்சள் றப்பர் பசை ஒருபோதும் முழுமையாக இறுகாது. பாரம் ஏறினால் மெல்ல நழுவும். ஒரு நொடியில் ஒட்டும் சுப்பர் பசை இழுவைக்குப் பலமானது, ஆனால் அடிக்கு உடைந்துவிடும். கத்தி தரையில் விழும் முதல் நாளிலேயே அதன் குணம் தெரியும். மரத்திலுள்ள மெல்லிய வெடிப்பை நிரப்ப அதனைப் பயன்படுத்தலாம். பிடி ஒட்ட வேண்டாம். படகு கட்டும் பொலியெஸ்டர் பிசின் மலிவு என்று சிலர் வாங்குகின்றார்கள். அது இறுகும்போது கணிசமாகச் சுருங்கும், உலோகத்தில் சரியாக ஒட்டாது.

எஞ்சுவது இரண்டு பகுதிகளைக் கலக்கும் இபொக்சிப் பசை. 1946 இல் சுவிற்சர்லாந்தில் அரால்டைட் என்ற பெயரில் சந்தைக்கு வந்ததிலிருந்து உலோகத்தை மரத்துடன் ஒட்ட இதற்கு நிகரான எளிய பொருள் இல்லை என்றே சொல்லலாம். இதிலும் இரண்டு வகை: ஐந்து நிமிடத்தில் இறுகுவது, ஒருநாள் எடுப்பது. அவசரக்காரர்கள் முதலாவதை வாங்குகின்றார்கள். ஆனால் பலத்திலும் தண்ணீர், சூடு தாங்குவதிலும் மெதுவாக இறுகுவதே மேல். ஒரு கத்திக்கு ஐந்து கிராம் அளவு போகும் என்று வைத்தாலும், 100 கிராம் பொதியில் ஏறத்தாழ 20 கத்திகள் ஒட்டலாம். சிந்துவதைக் கழித்து 15 என்று வையுங்கள். ஒரு கத்திக்கு விழும் செலவை விற்பனை விலையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்; மலிவான பசை வாங்கி மீதப்படுத்துவது எவ்வளவு அற்பமானது என்று புரியும்.

ஒட்டும் முறை

1. வாலின் இருபக்கத்தையும் 80 இலக்க அரத்தாளால் நன்றாகச் சுரண்டுங்கள். பளபளப்பான இரும்பில் பசை நிற்காது. பலகையின் உட்பக்கத்தையும் அவ்வாறே செய்யுங்கள்.

2. வாலில் ஆணித் துளைகளுக்கு மேலதிகமாக இரண்டு மூன்று துளைகள் இடுங்கள். பசை அதனூடாக இருபக்கமும் சேர்ந்து, உள்ளேயே ஆணி போல நிற்கும்.

3. அசிட்டோன் கொண்டு துடையுங்கள். துடைத்த துணியில் கறுப்பு வராதவரை விடாதீர்கள். அதன் பிறகு விரல் படக் கூடாது. விரலின் எண்ணெயே ஒட்டைக் கெடுக்கப் போதும்.

4. பொதியில் கூறிய அளவின்படியே கலவுங்கள். "இறுக்கியைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும்" என்பது தவறு, பலந்தான் குறையும். கிண்ணத்தில் குவித்து வைத்தால் தானாகவே சூடேறி விரைவில் இறுகிவிடும். தட்டையான ஓட்டின் மேல் பரப்பிக் கலவுங்கள். நமது 30 பாகை வெப்பத்தில் பொதியில் எழுதியிருப்பதை விடக் குறைந்த நேரமே கிடைக்கும்.

5. நான்கு முகங்களிலும் பூசுங்கள். இறுக்கியைத் திருகும்போது ஓரமெங்கும் பசை சீராகப் பிதுங்கினால் போதும், அங்கேயே நிறுத்துங்கள். மேலும் திருகினால் பசை எல்லாம் வெளியேறி, ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

6. ஆணியையும் துளையையும் சுரண்டி, பசை பூசியே செருகுங்கள். மீன் வேலைக்குத் துருப்பிடிக்காத உருக்கு ஆணியும், வீட்டுக் கத்திக்குப் பித்தளையும் பொருத்தம். அலுமினியம் மென்மையானது, உப்பு நீரில் அரிக்கப்படும்.

7. 24 மணித்தியாலம் அசைக்காதீர்கள். பிறகு பிடியை அராவும்போது ஆணித் தலையைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்தித் தண்ணீரில் நனையுங்கள். சாதாரண இபொக்சி 60 பாகையளவிலேயே இளகத் தொடங்கும். நல்ல ஒட்டைத் தாமே கெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் கெடுக்கின்றார்கள்.

இறுகாத பசை தோலில் படக் கூடாது. ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் தொடரலாம். கையுறை அணிந்தே வேலை செய்யுங்கள்.

மேற்பூச்சுக்குச் சிலர் தேங்காய் எண்ணெய் தடவுகின்றார்கள். அது காய்வதில்லை, நாளடைவில் சிக்கு வாடை வீசும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை தடவிக் காயவிடுங்கள். தடவிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம்; விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் ஊறவைத்தோ எறியுங்கள்.

விற்பதற்கு முன் ஒரு சோதனை

புதிய மரமோ புதிய பசையோ வாங்கினால், நூறு கத்திகளில் போடுவதற்கு முன்னர் மூன்று கழிவு இரும்புத் துண்டுகளில் மரத்துண்டை ஆணியின்றி ஒட்டுங்கள். ஒருநாள் கழித்து, இரவு முழுவதும் தண்ணீரிலும், மறுநாள் பகல் வெயிலிலும் வையுங்கள். மூன்று நாட்கள் இவ்வாறு செய்த பின் உளி வைத்துச் சுத்தியலால் பிளவுங்கள். மரமே கிழிந்து இரும்பில் ஒட்டியிருந்தால் பசையும் வேலையும் சரி. இரும்பு மொட்டையாகப் பளிச்சென்று தெரிந்தால் துடைத்ததில் அல்லது சுரண்டியதில் குறை. பசை இன்னும் பிசுபிசுத்தால் கலவையில் குறை. செலவு சொற்பம், ஆனால் ஒரு வருடத்தின் நற்பெயரை அது காப்பாற்றும்.

யாருக்கு எதை விற்பது?

வீட்டுச் சமையல் கத்திக்குப் புளி, கொய்யா அல்லது பதப்படுத்திய றப்பர் மரம் போதும். இறைச்சிக் கடைக்கும் மீன் கடைக்கும் செயற்கைப் பலகை, சற்றுச் சொரசொரப்பாக விட்டு. ஏற்றுமதிக்கான மீன் பதனிடும் ஆலைகளில் பொதுவாக மரப்பிடியை ஏற்பதில்லை. அங்கே மரத்தைக் கொண்டுபோய் நேரத்தை வீணாக்காதீர்கள். தோட்ட வேலைக் கத்திக்கு அடி தாங்கும் மரமும் பூணும். முதிரையும் கொம்பும் பரிசுக்கு.

நமது சமூகத்தில் கத்திக்கு அதிக கிராக்கி ஹஜ்ஜுப் பெருநாளை அண்டியே வருகின்றது. பெருநாள் வருடத்துக்குச் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்வதை நாம் அறிவோம். 2025 இல் அது ஜூன் மாதம், தென்மேல் பருவமழைக்குள் வந்தது. ஆகவே ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் மரம் வெட்டிக் காயவைக்கலாம் என்று இருக்க முடியாது. மரம் காய எடுக்கும் மாதங்களைப் பெருநாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்க வேண்டும். கடைசி மாதத்தில் ஈர மரத்தில் பிடி போட்ட கத்தி, உழ்ஹிய்யா நாளில் பிரச்சினை தராமல் போகலாம். இரண்டு மாதத்தில் நிச்சயம் தரும்.

இறுதியாக ஒன்று. அலகின் கூர்மையை வாங்குபவர் தொட்டுப் பார்க்கலாம். எடையைக் கையில் தூக்கிப் பார்க்கலாம். ஆனால் பிடிக்குள் என்ன பசை இருக்கின்றது, மரம் காய்ந்ததா, வாலைத் துடைத்தோமா என்பதை அவரால் பார்க்க முடியாது. அந்த மறைவான இடத்தில் நாம் செய்யும் வேலைதான் வியாபாரத்தில் அமானிதம். என்ன மரம், என்ன பசை என்று ஒரு சிறு துண்டுக் கடதாசியில் எழுதி, சுடுநீரில் ஊறவைக்க வேண்டாம் என்ற குறிப்பையும் சேர்த்து, ஆறு மாதத்துக்குள் பிடி ஆடினால் இலவசமாகத் திருத்தித் தருவதாகக் கூறி விற்றுப் பாருங்கள். திருத்த வருபவர் மிகச் சிலராகவே இருப்பார்கள். இரண்டாவது கத்தி வாங்க வருபவர் அதைவிடப் பலராக இருப்பார்கள்.

அடுத்த வாரம் சாணைக் கற்களின் தரங்கள் பற்றிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.